குப்பையைக் கணக்குப் பார்க்கும் பெண்கள்

தென்னமெரிக்க நாடான பெருவில் 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அல்பினா ரூயிஸ் என்ற பெண்மணி சுற்றாடல் அமைச்சராகப் பதவியேற்றார். அடுத்த ஆண்டு செப்டெம்பர் வரையே அவர் அப்பதவியில் இருந்தார். அந்நாட்டில் அமைச்சர்கள் அடிக்கடி மாறுவார்கள். ஆகையால் பதவியைப் பற்றி நாம் இங்கு அதிகம் பேசப் போவதில்லை. அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதைதான் எமக்கு முக்கியம். ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் குப்பை சேகரிப்பதையும் தரம்பிரிப்பதையும் விற்பதையும் அந்தப் பகுதி மக்களைக் கொண்டே ஒழுங்குசெய்வதுதான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் செய்துவந்த தொழில்.

சமூக மீள்சுழற்சித் திட்ட முகாமையாளர் என்று இத்தொழிலுக்குப் பெயர் சொல்லலாம். எமது பிரதேசங்களில் வாழ்வாதாரத் திட்டம் என்றாலே கோழிக்கூடு, ஆடு, தையல் இயந்திரம் என்ற மூன்றுக்குள்ளேயே நின்றுவிடுகிறோம். ஒரே ஒழுங்கையில் ஏழு தையல் இயந்திரம் இருந்தால் யாருக்குத் தைப்பது? இது புதிய தொழில் என்பதால் மட்டும் நான் இதைப் பற்றி எழுதவில்லை. கணவனை இழந்து அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்டு, தனியாளாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களிடம் ஏற்கனவே இருக்கும் திறமைகளையே இத்தொழில் கேட்கிறது. வீடு வீடாகச் சென்று பேசுவது, சிறு காசுக்குக் கணக்கு வைப்பது, சண்டை பிடிக்கும் இரண்டு பேரை ஒரு வேலையில் சேர்த்து இருத்துவது ஆகியவை அவை.

அல்பினா ரூயிஸ் பெருவின் சான் மார்ட்டின் என்னும் காட்டுப் பிரதேசத்தில் பிறந்தவர். தலைநகரான லீமாவுக்குப் படிக்க வந்து கைத்தொழிற் பொறியியல் கற்றார். அங்கே எல் அகுஸ்தினோ என்ற பகுதியில் குவிந்து கிடந்த குப்பைதான் அவரது ஆய்வுக்கும் பின்னர் தொழிலுக்கும் தொடக்கமானது. அக்காலத்தில் பெருவிலும் போர் நடந்துகொண்டிருந்தது. 1980 முதல் 2000 வரையான அந்தப் போரில் ஏறக்குறைய 69,000 பேர் கொல்லப்பட்டோ காணாமற் போயோ இருக்கலாம் என அந்நாட்டின் உண்மை ஆணைக்குழு 2003இல் அறிக்கையிட்டது. மலைக்கிராமங்களிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த குடும்பங்கள் லீமாவின் ஓரங்களில் குடிசை போட்டன. அப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு மாநகர சபையின் லொறி வருவது அரிது. வந்தாலும் செங்குத்தான ஒழுங்கைகளில் அது ஏறாது.

ரூயிஸ் பெரிய லொறி கேட்டு அலையவில்லை. அந்தந்தக் குடியிருப்பில் உள்ளவர்களே சேர்ந்து சிறு தொழில் முயற்சிகளைத் தொடங்கினால், மூன்று சக்கர வண்டியில் ஒழுங்கைக்குள் போய்க் குப்பையை எடுத்து வரலாம் என்றார். இதற்காக ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகையைக் கட்டணமாகக் கொடுக்கும். இவ்வாறு வேலை செய்தவர்களில் பலர் பெண்கள். கட்டணம் வாங்கப் போகும்போதே, தெருவில் கொட்டிய குப்பை பிள்ளைகளுக்கு என்ன நோயைக் கொண்டுவருகிறது என்று விளக்கினார்கள். ஒழுங்காகக் கட்டணம் செலுத்திய குடும்பங்களுக்குச் சிறு அன்பளிப்புகளும் கொடுக்கப்பட்டன. இந்த அனுபவத்தை வைத்தே 2000களின் தொடக்கத்தில் ‘ஆரோக்கியமான நகரம்’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயருடன் ஒரு நிறுவனத்தை அவர் ஆரம்பித்தார். 2009இல் பெரு நாட்டில் மீள்சுழற்சித் தொழிலாளருக்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. குப்பை பொறுக்குபவர் என்று துரத்தப்பட்டவர் அச்சட்டத்தின் முன் தொழிலாளி ஆனார். அவர் சங்கம் அமைக்கவும், உள்ளூராட்சி சபையின் சேகரிப்புத் திட்டத்தில் இடம்பெறவும் வழி பிறந்தது.

இதில் எனக்குப் பிடித்த விடயம், அவர் முதலில் ஒழுங்குசெய்தது கட்டணத்தை என்பதுதான். எமது பக்கத்தில் இப்படியான திட்டங்கள் வந்தபோது அநேகமாகத் தலைகீழாகவே நடந்தன. முதலில் இயந்திரம் வரும். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவார்கள். பெண்களுக்கு ஒரே நிறத்தில் தொப்பி கொடுத்துப் படம் எடுப்பார்கள். பிளாஸ்ரிக்கை விற்று வரும் காசே சம்பளமாகிவிடும் என்று சொல்லுவார்கள். திட்டக் காலம் முடிந்ததும் இயந்திரத்தின் மேல் கோழி படுத்திருக்கும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் நிறை ஏறத்தாழ 20 கிராம். ஒரு கிலோவுக்கு 50 போத்தல் வேண்டும். உங்கள் கிராமத்தில் 200 வீடு இருக்கிறது, வீட்டுக்கு வாரம் 3 போத்தல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,400 போத்தல், அதாவது 48 கிலோ. கிலோவுக்கு 60 ரூபா கிடைப்பதாக வைத்தாலும் வருவது 2,880 ரூபாதான். அதே 200 வீடும் குப்பை எடுத்துச் செல்வதற்காக மாதம் 200 ரூபா வீதம் கொடுத்தால் 40,000 ரூபா சேரும். இவை உதாரணத்துக்காக நான் போட்ட தொகைகளே. ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எங்கும் இப்படித்தான் இருக்கும். போத்தலை விற்பதால் கிடைப்பது கைச்செலவுக் காசு. ஒரு இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் சேவைக்குக் கிடைப்பதே சம்பளம்.

“200 ரூபா யார் தருவார்கள்?” என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. எல்லா வீடும் தராது. ஒரு நேரச் சோற்றுக்கு வழியில்லாத வீட்டில் போய்க் கேட்கவும் முடியாது. கடைகள், கல்யாண மண்டபங்கள், தனியார் கல்வி நிலையங்கள், திருவிழாக் காலத்தில் கோயில்கள் என்பனவே கூடுதலாகக் குப்பை போடும் இடங்கள். அவை கூடுதலாகத் தரவேண்டும். இதை அவர்களிடம் போய்ப் பேசி, எழுத்தில் வாங்குவது முகாமையாளரின் முதல் வேலை.

இந்தியாவின் பூனா நகரில் நடந்ததையும் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. அங்கு குப்பை பொறுக்கிய பெண்களில் மிகப் பெரும்பாலானோர் தலித் சமூகத்தினர். அவர்களிலும் பலர் கணவன் இல்லாதவர்கள், அல்லது கணவனால் கைவிடப்பட்டவர்கள். நாய்கள் அவர்களைக் கண்டு குரைக்கும். காவற்துறை திருடி என்று பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்றின் முதியோர் கல்விப் பிரிவினர் இவர்களுக்கு எழுத்தறிவு புகட்டச் சென்றனர். பேசிப் பழகியபோது அப்பெண்களின் தேவை வேறாக இருந்தது. குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டுக் கிளறாமல், வீடுகளிலேயே பிரித்த குப்பை கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அதற்கான ஏற்பாடு ஒரு பகுதியில் நடைபெறத் தொடங்கியதும், தனியார் ஒருவர் வாகனத்துடன் வந்து அந்தக் குப்பையைத் தான் எடுக்கப் போவதாகச் சொன்னார். பெண்கள் எதிர்த்து நின்றனர். குப்பைக்கும் உரிமை வேண்டும் என்பது அன்றுதான் அவர்களுக்கு உறைத்தது. அதன் தொடர்ச்சியாக 1993இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்ற தொழிற்சங்கம் உருவாயிற்று. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர் சங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

சங்கம் பெற்றுக் கொடுத்த முதற் பெரிய விடயம் அடையாள அட்டை. பூனா மாநகர சபை அதனை அங்கீகரித்தது. அடையாள அட்டை இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியில் நிற்பது எப்படிப்பட்டது என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பின்னர் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு இதிலிருந்து பிறந்து, 2008இல் மாநகர சபையுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வீடு வீடாகக் குப்பை எடுப்பது பெண்களின் வேலை. அதற்கான கட்டணத்தை வீட்டார் அவர்களிடமே கொடுப்பர். பிரித்து எடுத்த பொருளை விற்கும் காசும் அவர்களுக்கே. 3,000க்கும் மேற்பட்டோர் இதில் உறுப்பினராயினர். பெரும்பான்மையோர் பெண்கள்.

பெண்களுக்குரிய ஒரு விடயத்தையும் அவர்கள் வெட்கப்படாமல் பேசினர். மாதவிடாய்த் துணிகளும் நப்கின்களும் சுற்றப்படாமல் குப்பையோடு வந்து, அவற்றைக் கையால் பிரிக்க வேண்டிய கொடுமை இருந்தது. 2013இல் அவர்கள் பயன்படுத்திய நப்கின்களைப் பொதி செய்து, அவற்றை உற்பத்தி செய்த கம்பனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். நப்கினைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அதன்மேல் சிவப்புப் பொட்டு அடையாளம் இட்டுத் தரும்படி வீட்டாரையும் கேட்டனர். இதற்குச் செலவே இல்லை. எமது ஊரிலும் நாளைக்கே தொடங்கலாம்.

ஆபிரிக்காவில் கம்பியா நாட்டின் நிஜாவு கிராமத்தில் இசாத்து சீசே என்பவர் 1997இல் சில பெண்களுடன் சேர்ந்து, வீசப்பட்ட பிளாஸ்ரிக் பைகளைக் கழுவி, கீலமாக வெட்டி, நூல் போலாக்கிப் பணப்பைகள் பின்னினார். அங்கே அந்தப் பைகளைத் தின்று ஆடுகள் இறந்துகொண்டிருந்தன. (எமது கிழக்கில், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்ற யானைகள் இறந்த செய்தி நினைவிருக்கும்.) கைவினைப் பொருளுக்குச் சந்தை தேடுவது கடினம் என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தால் நல்லதுதான். கிடைக்கும்வரை பின்னிய பை அலுமாரியில் இருக்கும். ஆகையால் அதை இரண்டாவது வருமானமாகவே வைக்க வேண்டும்.

பிரித்தறியும் வேலை

இனி வேலைக்கு வருவோம். பிளாஸ்ரிக் எல்லாம் ஒன்றல்ல. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு இலக்கம் இருக்கும். 1 என்றால் தண்ணீர், சோடாப் போத்தல். 2 என்பது ஷம்போ, சலவைத்திரவப் போத்தல் போன்ற தடித்த வகை. 4 மெல்லிய பொலித்தீன். 5 என்பது மூடிகள், சில உணவுப் பெட்டிகள். 6 என்பது ரெஜிபோம் போன்றவை. இவற்றை வாங்குவார் குறைவு. 3ஆம் இலக்கத்தை ஒருபோதும் எரிக்கக் கூடாது, அதன் புகை கொடிய நஞ்சு. மற்றவற்றை எரிப்பதும் நல்லதல்ல என்பதோடு, திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரிப்பது இலங்கையில் சட்டப்படி தடை. இலக்கம் அழிந்திருந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3 தாழும். தண்ணீர்ப் போத்தலும் அதன் மூடியும் வெவ்வேறு வகை. மூடியைக் கழற்றாமல் கொடுத்தால் விலை குறையும். மூடி திறந்தால்தான் போத்தலை மிதித்து நசுக்கவும் முடியும். நசுக்காமல் லொறியில் ஏற்றினால் காற்றுக்கு வாடகை கொடுத்தவர்களாவோம். எமது மாவட்டங்களிலிருந்து தென்பகுதித் தொழிற்சாலைகளுக்குப் போகும் தூரத்துக்கு, இலாபத்தைத் தின்பது அந்த வாடகைதான்.

காட்போட் நனையக் கூடாது. அலுமினியத்தையும் இரும்பையும் பிரிக்க ஒரு காந்தத் துண்டு போதும். காந்தத்தில் ஒட்டாத ரின் விலை கூடியது. வாகன பற்றரிகளை உடைக்க வேண்டாம், உள்ளே ஈயமும் அமிலமும் உண்டு. முழுமையாக அப்படியே விற்கவும்.

எமது நாட்டு வீட்டுக் குப்பையில் அரைவாசிக்கும் மேல் உக்கக்கூடியது. மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு இவற்றைப் பிரிக்காமல் மற்றவற்றோடு கலந்தால் எல்லாமே நாறிப் பழுதாகிவிடும். பிரித்துச் சருகோடும் சீமைக்கிளுவை இலையோடும் அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு கிடைக்கும். பனையோலையைப் போடாதீர்கள், அது இலேசில் உக்காது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது சேதனப் பசளைக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அன்று நல்ல கூட்டெரு கையில் வைத்திருந்தவர் மிகச் சிலரே. தடை அவ்வாண்டே நீங்கிவிட்டது. ஆயினும் கண்ணாடித்துண்டும் பொலித்தீனும் கலவாத பசளைக்கு மிளகாய், வெங்காயம் செய்வோரிடம் இன்றும் கேள்வி உண்டு.

முகாமையாளரிடம் மூன்று கொப்பிகள் இருக்க வேண்டும். ஒன்று வீட்டுப் பதிவு: எந்த வீடு பிரித்துத் தருகிறது, எந்த வீடு கட்டணம் பாக்கி. இரண்டாவது எடைக் கொப்பி: வாங்கிய நிறை, விற்ற நிறை. மூன்றாவது காசுக் கொப்பி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்தவருக்கு இது புதிதல்ல. எடைக் கொப்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வியாபாரியின் தராசையே நம்பி விற்பவர்கள்தான் முதலில் நட்டப்படுகிறார்கள்.

விலை விழும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 2008இன் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது பழைய பொருட்களின் விலை பல நாடுகளில் ஒரே இரவில் விழுந்ததுபோல் விழுந்தது. 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்ரிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபோதும் உலகச் சந்தை தடுமாறியது. ஆகவே விலை நல்லாயிருக்கும் மாதத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். இயந்திரம் வாங்க நுண்கடன் எடுக்க வேண்டாம். நுண்கடன் எமது பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆரம்பத்தில் தேவைப்படுவது தராசு, உரப்பைகள், ஒரு தள்ளுவண்டி, மழை படாத ஒரு கொட்டில். அவ்வளவுதான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

போர் நடந்த இடங்களில் இரும்பு பொறுக்குவது மற்ற நாட்டுப் புத்தகங்களில் எழுதப்படாத ஆபத்து. பழைய இரும்புக்காகப் பற்றைக்குள் போய்க் கையையும் காலையும் உயிரையும் இழந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இரும்பை வீட்டிலும் கடையிலும் மட்டும் எடுங்கள். காணி, பற்றை, பாழ்கிணறு, குளக்கரை இவற்றிலிருந்து கொண்டுவரும் எதையும் ஏற்க வேண்டாம். பிள்ளைகள் கொண்டுவரும் இரும்பை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். நீங்கள் பத்து ரூபா கொடுத்தால் அந்தப் பிள்ளை நாளைக்கும் பற்றைக்குள் போகும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

கையுறை, மூடிய சப்பாத்து, ஏற்பு ஊசி மூன்றும் கட்டாயம். வைத்தியசாலைக் கழிவு, ஊசி, இரத்தம் பட்ட பஞ்சு இவற்றைக் கையேற்காதீர்கள். சேகரித்த யோகட் கப், சிரட்டை, ரயர் மழையில் கிடந்தால் டெங்கு நுளம்பு உங்கள் கொட்டிலிலேயே பெருகும். ஊர் முதலில் குறை சொல்வது உங்களைத்தான்.

சட்ட விடயம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும. உள்ளூராட்சி சபை சேகரிக்கும் குப்பை அந்தச் சபையின் சொத்து என்றே எமது சட்டம் சொல்கிறது. எனவே பிரதேச சபையுடன் எழுத்தில் உடன்பாடு இல்லாமல் தொடங்கினால், பூனாப் பெண்களுக்கு வந்த வாகனக்காரர் உங்களுக்கும் வருவார். தவிசாளர் வாயால் சொன்னது போதாது; தேர்தலோடு அவர் மாறிவிடுவார். எந்த ஒழுங்கைகள், எத்தனை நாள், விற்கும் காசு யாருக்கு, எஞ்சிய குப்பையைச் சபை எப்போது ஏற்றும் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக அவசியம். ஏற்றாமல் விட்டால் உங்கள் கொட்டிலே குப்பை மேடாகும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தது, ஏற்றுவோம் பார்ப்போம் என்று ஆண்டுக்கணக்காக விட்டதன் விளைவே.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ‘குப்பை அள்ளுவது அவர்களது வேலை’ என்று எமது சமூகம் சிலருக்கு ஒதுக்கிவைத்திருக்கிறது. சமூகவியல் வகுப்பில் நான் அதைப் பாடமாகப் படித்தேன். களத்தில் அது கூட்டத்தில் கதிரை எங்கே போடப்படுகிறது என்பதில் தெரிகிறது. இப்படியான திட்டமொன்று வரும்போது கொப்பி ஒரு சாதியிடமும் தும்புத்தடி இன்னொரு சாதியிடமும் போய்ச் சேர்வதை நான் கண்டிருக்கிறேன். அப்படிப் போனால் அது பழைய ஒழுங்குக்குப் புதிய பெயர்ப்பலகைதான். குழுவில் உள்ள எல்லோரும் முறை வைத்து வண்டியும் தள்ள வேண்டும், கொப்பியும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதப் பழக்குவதும் முகாமையாளரின் வேலையே. “குப்பைக்காரி என்று என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லமாட்டார்களா?” என்று ஒரு தாய் கேட்டால், சொல்லமாட்டார்கள் என்று நாம் பொய் சொல்லக் கூடாது. முதலில் சொல்லுவார்கள். குழுவாகப் போவதும், சபையின் கையொப்பமிட்ட அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பதும், அதிபரிடம் போய்ப் பாடசாலைக் குப்பையைப் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்குவதும் அந்தப் பேச்சை மெல்ல மெல்லக் குறைக்கும்.

தொடங்க விரும்பும் மாதர் சங்கங்கள் முதலில் பணம் தேடாமல், பத்து வீட்டுக் குப்பையை ஒரு வாரம் நிறுத்துப் பார்க்கவும். உக்குவது எவ்வளவு, போத்தல் எவ்வளவு, தாள் எவ்வளவு, ஒன்றுக்கும் உதவாதது எவ்வளவு என்று நான்கு நிரலில் எழுதுங்கள். பிரதேச சபைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டு போங்கள். தராசு இல்லாவிட்டால் பக்கத்துச் சனசமூக நிலையத்திலோ கூட்டுறவுக் கடையிலோ ஏழு நாளைக்கு இரவல் கேட்கலாம்.